நான்கு விரல் தூரத்தில் ஒரு குளவி

போர்வையின் மேல் மண் விழுந்தது. நகத்தளவு ஒரு துண்டு. அதன் பின்னாலேயே இரண்டு பச்சைப் புழுக்கள் விழுந்தன. உயிர் இருந்தும் அசையாத புழுக்கள்.

போர்வைக்கு அடியில் என் தங்கை ஜெனோவா படுத்திருந்தாள். வயிற்றில் நாலு மாதம். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, ஜன்னலுக்கு மேலே சுவரில் இருந்த குளவிக் கூட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டின் ஒரு பக்கம் இப்போது உடைந்திருந்தது. உடைத்தது நான்தான்.

என் மனைவி ரீட்டா பால் தம்ளரோடு வாசற்படியில் நின்றாள். தம்ளரை மேசை மேல் வைத்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் குளவி கூடு கட்டினால் அதைத் தொடக் கூடாது. எங்கள் தெருவில் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் சண்டை போடாமல் ஒத்துக்கொள்ளும் சங்கதிகள் குறைவு. அதில் இது ஒன்று. ஒட்டடை அடிக்கிற கம்பு அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுப் போகும். ஜன்னலைச் சாத்தினால் குளவிக்கு வழி அடைபடும் என்று கொசுவைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். கூடு நிலைத்தால் பிள்ளை நிலைக்கும். இதை நம்புகிறீர்களா என்று யாராவது கேட்டால் சிரிப்போம். ஆனால் கூட்டைத் தொட மாட்டோம்.

ஜெனோவாவுக்கு இதற்கு முன்பு இரண்டு முறை நிலைக்கவில்லை.

கப்பல் பார்க்க வந்த கண்ணாடி

ஒரே இடத்தில் அரை நாழிகை உட்காராத மனுஷன் பூச்சிப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டது எப்படி என்று இந்தத் தொடரின் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். என் மாப்பிள்ளை ஏமாந்ததால் கற்றுக்கொண்டேன்.

மாப்பிள்ளை என்றால் ஜெனோவாவின் புருஷன் ரோமால்டு. சரக்குக் கப்பலில் என்ஜின் வேலை. ஏதோ ஒரு துறைமுகத்தில் கரை இறங்கியபோது பழைய சாமான் கடையில் இந்த லென்சைப் பார்த்திருக்கிறார். கறுப்பாக, கனமாக, திருகத் திருக நீண்டுகொண்டே போயிருக்கிறது. நீளம் கூடினால் தூரம் கூடத் தெரியும் என்பது கடல்காரர் கணக்கு. வாங்கி எனக்கு அனுப்பிவிட்டார்.

"மச்சான், துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்க கப்பல்ல கொடித்துணியில இருக்க கிழிசல் வரைக்கும் தெரியும் பாத்துக்கிடுங்க" என்று போனில் சொன்னார்.

கடற்கரைச் சாலையில் போய் நின்று கப்பலை நோக்கி வைத்தேன். தெரிந்தது சாம்பல் நிறக் கஞ்சி. லென்சை நீட்டினேன். கஞ்சி இன்னும் கெட்டியானது.

கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் செல்வம் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த தீப்பெட்டியின் மேல் முட்டுகிற மாதிரி வைத்துக் கண்ணை ஒட்டினார்.

"இது தூரம் பாக்கதுக்கு உள்ளது இல்ல அண்ணாச்சி. ஈ, எறும்பு பாக்கது. நாலு விரக்கடைக்கு அங்கன எதுவுமே இதுக்குத் தெரியாது. கண்ணாடியே தன்னால தெளிவாக்கிக்கிடுமான்னா, அதுவும் கிடையாது. நீங்கதான் போவணும், வரணும்."

"கல்யாணத்துக்கு ஆவாதா?"

"ஆவும். பொண்ணுக்க மூக்குத்தியில ஒரு கல்லு மட்டும் விழும். மாப்ள வீட்டுல ஆல்பத்தத் தூக்கி எறிவான்."

ரோமால்டிடம் சொன்னபோது, "கடக்காரன் சிரிச்சுக்கிட்டேதான் மச்சான் குடுத்தான்" என்றார்.

அவருக்கு நான் இன்றுவரை சரியாக நன்றி சொல்லவில்லை. அச்சில் சொல்கிறேன். மாப்பிள்ளை, உங்களை ஏமாற்றிய அந்தக் கடைக்காரன் நன்றாக இருக்கட்டும்.

சாய்கிற வித்தை

நான் தூரங்களில் வளர்ந்தவன். வாசலில் நின்றால் கடல்; கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பு; அதற்கு அந்தப் பக்கம், கண்ணை மூடிக்கொண்டால், எதுவும். எழுதியதெல்லாம் தொடுவானத்தைப் பார்த்து எழுதியது. ஒரு வேலையில் மூன்று வருஷம் தங்கியதில்லை. கப்பல் ஏஜென்ட் ஆபீஸ், அச்சகம், டியூஷன், மறுபடி ஏஜென்ட் ஆபீஸ். ஒரு பக்கத்துக்கு மேல் நீண்டால் கவிதையைக்கூட விட்டுவிட்டு எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவேன்.

அப்படிப்பட்டவன் கையில், நாலு விரலுக்கு அப்பால் உலகமே இல்லை என்று அடித்துச் சொல்லும் ஒரு குழாய்.

முதலில் உப்பில் பழகினேன். உப்பளத்தில் பாத்தி ஓரம் குந்தி உட்கார்ந்து ஒரு கல் உப்பைப் பார்த்தேன். தலைகீழாகக் கவிழ்த்த கோபுரம் போல, படிப்படியாக உள்ளே இறங்கும் சதுரங்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் குழம்பில் கரைத்துக் குடித்த ஒன்றுக்குள் இத்தனை படிகளா என்று மலைத்தேன். பிறகு மீன் செதில். மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி அதிலும் வளையங்கள். ரீட்டா மீன் கழுவும்போது நான் செதிலுக்குக் கை நீட்டுவேன். பூனையும் நானும் ஒன்றாகக் காத்திருப்போம்.

"ரெண்டு பேருல எதுக்கு முதல்ல போடட்டும்" என்பாள்.

உப்பும் செதிலும் அசையாதவை. அசைவது நான். அங்கேதான் பாடம்.

இந்த லென்சில் தெளிவாக விழுகிற பகுதி ஒரு தாளின் கனம்கூட இருக்காது. எறும்பின் கண் தெளிந்தால் மீசை மங்கும். மீசையைப் பிடித்தால் கண் போய்விடும். கேமராவுக்கு முக்காலி வைக்கலாம். வைத்து, திருகி, சரிசெய்து நிமிர்வதற்குள் எறும்பு ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் கையிலேயே பிடிக்க வேண்டும். பிடித்தால் நாடித்துடிப்பு கூடப் பூகம்பம். லென்சுக்குள்ளே பார்த்தால் இருட்டு. ஃபிளாஷ் அடித்தால் பூச்சியின் முதுகு கண்ணாடித் துண்டு மாதிரி வெளிறும். முந்திரி மக்ரூன் இனிப்பு வாங்கி வந்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை வெட்டி, உள்ளே வெள்ளைத் தாள் ஒட்டி, லென்சுக்கு முன்னால் குடை மாதிரி கட்டிய பிறகுதான் வெளிச்சம் இளகி விழுந்தது. பல நாள் அந்தக் குடையில் முந்திரி வாசம் இருந்தது. எறும்புகள் தாமாகவே வந்தன.

ஆடாமல் நிற்கப் பார்த்துத் தோற்றேன். மூச்சைப் பிடித்துப் பார்த்துத் தோற்றேன்; பிடித்த மூச்சு கையில் போய் நடுங்குகிறது. கடைசியில் விளங்கியது இதுதான். ஆட்டத்தை நிறுத்த முடியாது. மூச்சு வெளியே போகும்போது உடம்பு இயல்பாகக் கொஞ்சம் முன்னால் சாயும். அந்தச் சாய்வில் கண் தெளிகிற ஒரு நொடி வந்து போகும். அந்த நொடிக்கு விரல் தயாராக இருந்தால் போதும். ஓயாத மனுஷனுக்கு இதைவிட ஆறுதலான செய்தி இல்லை. உன் ஆட்டத்தோடேயே வா, வழியில் ஒரு இடத்தில் தெளியும் என்றது லென்ஸ்.

படுத்திருந்தவள்

ஜெனோவா எங்கள் வீட்டுக்கு வந்தது அப்போதுதான். ரோமால்டு கடலில். அவளோ எழுந்திருக்கக் கூடாது. என்னைவிட இரண்டு வயது இளையவள், என்னைவிட இரண்டு மடங்கு துறுதுறுப்பு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் ஊதிப் பிழைத்தவளை மல்லாக்கப் படுக்கப் போட்டால் எப்படி இருக்கும்?

"ஃபேன்ல மூணு எறக்கை இருக்கு அண்ணே. அதுல ஒண்ணு வளஞ்சிருக்கு. வேற என்ன செய்தி வேணும் ஒனக்கு?" என்பாள்.

"ஏளா, அசங்காம கெட" என்று அடுக்களையிலிருந்து ரீட்டாவின் குரல் வரும்.

வந்த வாரத்திலேயே குளவியும் வந்தது. ஊசி மாதிரி இடுப்பு, மஞ்சள் கால்கள் தொங்க, திறந்த ஜன்னல் வழியாக வந்து சுவரின் மேல் மூலையில் ஒரு மண் உருண்டையை வைத்துவிட்டுப் போனது. ரீட்டா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தாள். அன்றிலிருந்து அந்த ஜன்னல் சாத்தப்படவில்லை. உப்புக்காற்றும் துறைமுகத்து நிலக்கரித் தூசியும் வந்து அலமாரி மேல் படிந்தன. அவள் தினமும் துடைத்தாள்.

"குளவிக்கு யாரு மைனி சொன்னா, நான் உண்டாயிருக்கேன்னு?" என்றாள் ஜெனோவா.

"அதுக்குத் தெரியும்ளா."

"ஸ்கேன் பாத்திருக்குமோ?"

கேலிதான். ஆனால் குளவி வரும் நேரத்துக்கு அவள் கண் ஜன்னலுக்குப் போய்விடும். படுத்த இடத்திலிருந்து பார்த்தால் கூடு ஒரு மண் கறை. அவ்வளவுதான் தெரியும். "அங்கன என்னதான் செய்யுது அது, எடுத்துக் காட்டேன்" என்றாள்.

அப்படித்தான் என் லென்சுக்கு ஒரு வேலை வந்தது. காலையில் ஸ்டூல் போட்டு ஏறுவேன். எடுத்ததைக் குனிந்து அவள் முகத்துக்கு நேரே திரையில் காட்டுவேன்.

"பொகையா இருக்கு."

மறுபடி.

"இடுப்பு தெளிஞ்சிருக்கு. மூஞ்சி எங்க? மூஞ்சி இல்லாம நான் யாருகூடப் பேச?"

மறுபடி. இரக்கமே இல்லாத விசில். அவளுக்காக ஏறி ஏறித்தான் என் கை பழகியது. குளவி மண்ணைத் தாடையால் பட்டை பட்டையாக இழுத்து ஒட்டுவதைப் பார்த்தோம். சின்னக் குடம் மாதிரி அறை. அதற்குக் கழுத்து, விளிம்பு. உள்ளே, கொட்டி மயக்கிய பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்து அடைக்கும், பிறக்கப்போகிற குஞ்சுக்குச் சாப்பாடு. பிறகு வாயை மூடிவிட்டு அடுத்த அறையைத் தொடங்கும். ரீட்டாவின் பூந்தொட்டிகளில் ஒன்றில் தேரிச் செம்மண், இன்னொன்றில் விளாத்திகுளத்துக் கரிசல். குளவி இரண்டிலும் எடுத்தது. கூடு சிவப்பும் கறுப்பும் வரி வரியாக வளர்ந்தது.

"செவப்புன்னா பொம்பளப்பிள்ள, கறுப்புன்னா ஆம்பளப்பிள்ள" என்றாள் ரீட்டா.

"ரெண்டும் இருக்கே மைனி. அவரு கப்பலுல இருந்து குதிச்சிருவாரு."

நான்கு அறைகள் மூடி, ஐந்தாவதன் கழுத்தைக் குளவி வனைந்துகொண்டிருந்த காலையில், அதன் இரண்டு கண்களும் ஒரே படத்தில் தெளிந்து விழும் நேரம் வந்துவிட்டது போல இருந்தது.

"இன்னும் கிட்டப் போ அண்ணே. இன்னும் கொஞ்சம்" என்றாள் ஜெனோவா.

மூச்சை விட்டேன். சாய்ந்தேன். கண்ணுக்குள் குளவியின் முகம் மட்டும் இருந்தது. மக்ரூன் மூடியின் ஓரம் பக்கத்து அறையில் இடித்ததை நான் பார்க்கவில்லை. கேட்டேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

அந்த மத்தியானம்

போர்வை மேல் விழுந்ததை ஜெனோவா உற்றுப் பார்த்தாள். "அந்தப் புழுவ எடுத்து வைங்க மைனி. அதுக்க சாப்பாடு" என்றாள். ரீட்டா ஒரு சாஸரில் எடுத்து வைத்தாள்.

குளவி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, விட்ட இடத்தில் ஐந்தாவது அறையின் வேலையைத் தொடர்ந்தது. உடைந்த அறைப்பக்கம் அது திரும்பவே இல்லை. கட்டி முடித்த வீட்டுக்கும் அதற்கும் வழக்கு முடிந்தது போல.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜெனோவா என்னைக் கூப்பிட்டாள். குரல் மெதுவாக இருந்தது. "மைனியக் கூப்பிடு. நீ வேண்டாம்."

ரத்தம் பட்டிருந்தது.

ஆட்டோ, மேடு பள்ளம் பார்த்து ஊர்ந்த சாலை, ஆஸ்பத்திரியின் பச்சைத் திரை. எல்லாம் எனக்குத் தெளிவில்லாத படங்களாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தெளிவாக இருப்பது ஒன்றே ஒன்று. வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் ரீட்டா உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். அவள் நம்புகிறவள். கூடு நிலைத்தால் பிள்ளை நிலைக்கும் என்பது அவளுக்குக் கேலி இல்லை. அவள் நினைத்தால் என்னை ஒரு பார்வையில் கொன்றிருக்கலாம். ஆனால் மணி உருட்டிக்கொண்டே மற்றக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு டாக்டரம்மா வெளியே வந்தார். துடிப்பு நன்றாக இருக்கிறது, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, இன்னும் கண்டிப்பாகப் படுக்கவேண்டும் என்றார். உள்ளே போனோம்.

"எதயாவது பாத்துப் பயந்தியாம்மா?" என்று கேட்டிருக்கிறார் அவளிடம்.

"நான் இல்ல டாக்டர். எங்க அண்ணன்தான் பயந்துட்டான்" என்றாளாம்.

தொங்கிய முட்டை

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அந்த ஒடஞ்ச அறையில என்ன இருக்கு?"

நான் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ரீட்டாதான், "ஏறுங்க. நான் புடிச்சுக்கிடுதேன்" என்றாள். மக்ரூன் குடையைக் கழற்றிவிட்டு, டார்ச்சை ஒரு கையில் பிடித்து, இடது முழங்கையைச் சுவரில் ஊன்றி, உடைந்த வாய்க்குள் லென்சைக் காட்டினேன்.

முதலில் இருட்டு. பிறகு மண்சுவரின் சொரசொரப்பு. மிச்சமிருந்த புழுக்களின் பச்சை. மூச்சை விட்டுச் சாய்ந்தபோது, அறையின் கூரையிலிருந்து ஒரு நூல். சிலந்தி நூலைவிட மெல்லியது. அதன் நுனியில் வெள்ளையாக, நொய்யரிசி அளவில், ஒரு முட்டை.

சுவர் உடைந்திருந்தது. கூரை உடையவில்லை. முட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

என் வாழ்க்கையில் அதற்கு முன்பு எந்தப் பொருளையும் அப்படிப் பார்த்ததில்லை. என் மூச்சுக்காற்றில் அது ஆடியது. முகத்தைத் திருப்பி மூச்சு விட்டுவிட்டு, மறுபடி பார்த்து, எடுத்தேன். ஜெனோவாவிடம் காட்டினேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குறை சொல்லவில்லை. "மைனி, அத மூடுங்க" என்றாள்.

ரீட்டா சாஸரில் இருந்த இரண்டு புழுக்களையும் தீக்குச்சியால் உள்ளே வைத்தாள். செம்மண்ணைக் குழைத்து, விரல்நுனியில் எடுத்து, ஓட்டையை மூடினாள். தோசைக் கல்லில் எண்ணெய் தடவுகிற அதே கை. குளவியின் வேலைக்குப் பக்கத்தில் அது பெரிய ஒட்டாகத் தெரிந்தது. அவள் கட்டைவிரல் ரேகை அதில் பதிந்திருந்தது.

திறந்த வாய்கள்

சில வாரங்களில் ஒரு காலை, மூடியிருந்த ஓர் அறையில் மண் உதிர்ந்தது. ஒரு துளை. துளையில் ஒரு முகம். இரண்டு கண்கள், அவற்றுக்கு நடுவில் மஞ்சள். நான் எடுத்த முதல் முழுத் தெளிவான படம் அது. ஜெனோவா பார்த்துவிட்டு, "இப்பதான் இது ஆளு" என்றாள். கப்பலில் இருந்த ரோமால்டுக்கு அனுப்பினோம். "இதுதான் பிள்ளையா?" என்று பதில் வந்தது.

ஒவ்வொன்றாக நான்கு அறைகள் திறந்தன. ரீட்டா மூடியது திறக்கவில்லை.

"பையத்தான் வரும்" என்றாள் ரீட்டா. அடுத்த மாதமும் அதையே சொன்னாள். நான் ஏறிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கேட்டால் வெளிச்சம் சரியில்லை என்பேன். ஒரு நாள் ஜெனோவா, வயிறு மேடிட்டுப் பக்கவாட்டில் படுத்திருந்தவள், எங்கள் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அது வராது. எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் எம் மூஞ்சியப் பாத்துப் பாத்து முழிக்காதிய. ஒரு குளவிய எம் பிள்ளைக்குப் பிணை வைக்காதிய."

ரீட்டா அழுதாள். ஜெனோவா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். படுத்தபடியே, கை எட்டிய மட்டும்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் பெண் பிள்ளை பிறந்தது. ரோமால்டு வந்து சேர்ந்தார். குழந்தையைப் பார்க்க அந்த லென்சோடு போனேன். ஒரு காது மடல், அதன் ஓரத்தில் பூனைமயிர். அதற்கு மேல் எதுவும் அதில் கொள்ளவில்லை. கேமராவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தடவை தள்ளி நின்று, முழுசாகப் பார்த்தேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் யார் யாரோ கொடுத்தது. ஏமாந்தவர் கொடுத்த லென்ஸ். படுத்திருந்தவள் கொடுத்த பழக்கம். பெஞ்சில் என் கையைப் பிடித்த கை.

ஞானஸ்நானத்துக்கு முன்பு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தார். நீல வாளியும் சுரண்டும் தகடுமாக அந்த மூலைக்கு வந்து ஸ்டூலில் ஏறி நின்றார்.

"பிள்ளதான் பெத்தாச்சே. இனி இதச் சுரண்டிரலாம்லா அக்கா?"

ஜெனோவா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "தொறந்ததெல்லாம் சுரண்டிக்கிடுங்க. அந்த மூடினது இருக்கட்டும்" என்றாள்.

"அதுக்குள்ள ஒண்ணும் இருக்காதே."

"இருக்காதுதான்" என்றாள். குழந்தையின் முதுகில் அவள் கை நிற்கவில்லை. "வராத பிள்ளைக்கும் ஒரு வீடு இருக்கட்டும்."

அவர் பெரிய பிரஷ்ஷை வாளி விளிம்பில் வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார். அந்த ஒரு மண் குடத்தைச் சுற்றி, அதன் மேல் ஒரு சொட்டும் படாமல், நீலத்தை மெல்ல இழுத்துக்கொண்டு போனார். ரீட்டா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.